பயிற்சி முடிந்த திங்கட்கிழமை

மூலக்கொத்தளத்தில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் களப்பணியாளர் ஒருவர் மூன்று நாள் பயிற்சியை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். (தனி ஒருவரைப் பற்றி எழுதவில்லை. வடசென்னைத் தொண்டு நிறுவனங்களில் நான் பார்த்த பலரை ஒருவராகச் சேர்த்திருக்கிறேன்.) பயிற்சியின் பொருள் போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம். வக்கீல் ஒருவர் வந்து 19ஆம் பிரிவை விளக்கினார். குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், தெரிந்தவர் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. நாடகம் நடித்துப் பார்த்தார்கள், குழுவாக உட்கார்ந்து சார்ட் எழுதினார்கள். கடைசி நாள் தேர்வில் நம்மவருக்கு இருபதுக்குப் பதினெட்டு.

புதன்கிழமை, மையத்துக்கு வரும் சிறுமி ஒருத்தி எதையோ சொல்கிறாள், அரைகுறையாக. பணியாளர் ஒருங்கிணைப்பாளரிடம் போகிறார்.

“அக்கா, இத ஸ்டேஷன்ல சொல்லணும்க்கா. ட்ரெயினிங்ல சொன்னாங்க.”

“இரும்மா. சார் ஊர்ல இல்ல, வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். நாளைக்கு அந்த ஏரியால நாம நடமாட வேணாமா?”

அந்த அக்கா கெட்டவர் அல்லர். பன்னிரண்டு வருடம் அந்தத் தெருக்களில் நடந்து, வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்து வைத்திருப்பவர். பயிற்சிக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. ‘களப்பணியாளர்களுக்கு மட்டும்’ என்று சுற்றறிக்கையில் இருந்தது. இயக்குநரான சாருக்கும் அதில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. அவர் கையெழுத்திட்டது பயணப்படிக்கான தாளில் மட்டும். ஆக, சட்டம் இன்னதென்று அறிந்த ஒரே ஆள் அந்த அலுவலக ஏணியின் கடைசிப் படியில் நிற்கிறார். பயிற்சிக்கூடத்தில் எந்தக் குறையும் இல்லை. வக்கீல் நன்றாகத்தான் பேசினார். சறுக்கியது புதன்கிழமை, இரண்டு மேசைகளுக்கு நடுவே.

இந்தச் சறுக்கலை ஆராய்ந்தவர்கள் உண்டு. அதற்குமுன் ஒரு பொய்க் கணக்கை ஒதுக்கிவிடுவது நல்லது. பயிற்சி பற்றிப் பேசும் எவரும் ஏதாவது ஓர் இடத்தில், கற்றதில் பத்து சதவீதம்தான் வேலைக்கு வந்து சேர்கிறது என்பார்கள். அதன் பிறப்பு வேடிக்கையானது. 1982இல் அமெரிக்கப் பயிற்சித்துறை இதழ் ஒன்றில் ஜார்ஜன்சன் என்பவர், பயிற்சி மேலாளர்கள் இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டதில்லையா என்று வாசகரை வினவும் தோரணையில் எழுதிய வாக்கியம் அது. பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. ஒருவர் மேற்கோள் காட்டியதை அடுத்தவர் மேற்கோள் காட்ட, எண் தானே காலூன்றி நடக்கத் தொடங்கிவிட்டது. நானே இரண்டு மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். 2006இல் கனடாவில் சாக்ஸ், பெல்கோர்ட் இருவரும் பயிற்சித்துறையினரிடம் கேட்டுத் தொகுத்த கணிப்பு வேறு: பயிற்சி முடிந்த கையோடு 62 சதவீதம் பேர் கற்றதைப் பயன்படுத்துகிறார்கள், ஆறு மாதத்தில் 44, ஓராண்டில் 34. இதுவும் பயிற்சி கொடுப்பவர்களின் மதிப்பீடே தவிர அளந்து பார்த்தது அல்ல. என்றாலும் அதன் சரிவு நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கற்றது ஒரே நாளில் செத்துவிடுவதில்லை, மாதக்கணக்கில் தேய்கிறது.

எதனால் தேய்கிறது என்பதற்கு 1988இல் பால்ட்வினும் ஃபோர்டும் எழுதிய ஆய்வுத் தொகுப்பை இன்றும் திரும்பிப் பார்க்கிறார்கள். கற்பவர் யார், கற்பித்த முறை என்ன, திரும்பிப்போகும் வேலையிடம் எப்படிப்பட்டது என்று மூன்று பக்கமாகப் பிரித்தார்கள். முதல் இரண்டைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அது பயிற்சியாளரின் கைக்கு எட்டாதது என்பது ஒரு காரணம். அதைத் தொட்டால் இயக்குநரின் நாற்காலியையும் தொட வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. 1992இல் மேரி பிராடும் நியூஸ்ட்ராமும் இதை மேலும் கூர்மையாக்கினார்கள். மேலாளர், பயிற்சியாளர், கற்பவர் என்ற மூவரும் பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் பின்னும் செய்யக்கூடியவற்றை வரிசைப்படுத்தியபோது, அதிக வலு உடையதாக வந்தது பயிற்சிக்கு முன்னால் மேலாளர் செய்வதுதான். அதாவது அனுப்புவதற்கு முன்பே ‘இதைக் கற்று வந்து இன்னின்னதை மாற்றப்போகிறோம்’ என்று உட்கார்ந்து பேசுவது. நம் ஊரில் அந்த நேரத்தில் நடப்பது ஒரு தொலைபேசி அழைப்பு: “நாளைக்கு ட்ரெயினிங் இருக்கு, ரெண்டு பேர் அனுப்பணும், யாரு ஃப்ரீயா இருக்கீங்க?”

மதுரையில் இதற்கு நேர்மாறாகச் செய்துகாட்டினார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது. அதன் பயிற்சிப் பிரிவான லைகோ, 1992இல் லயன்ஸ் அமைப்பின் துணையோடு வந்தது, அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நன்கொடையில் கட்டிய கண் மருத்துவமனைகள் நாடெங்கும் இருந்தன. கட்டடமும் கருவியும் மருத்துவரும் இருந்தும் பலவற்றில் அறுவை அரங்கு பாதி நாள் சும்மா கிடந்தது. அவர்களுக்கு அரவிந்தின் வழியைக் கற்றுக்கொடுப்பது என்றால், மருத்துவர் ஒருவரை மதுரைக்கு வரவழைத்து ஒரு வாரம் பாடம் நடத்திச் சான்றிதழோடு அனுப்புவதுதான் எவருக்கும் தோன்றும் வழி.

லைகோ முதலில் தன் ஆட்களை அந்த மருத்துவமனைக்கே அனுப்பியது. அவர்கள் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தார்கள், பதிவேடுகளைப் புரட்டினார்கள், ஒரு நோயாளி எத்தனை இடத்தில் காத்திருக்கிறார் என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகே அங்கிருந்து ஒரு குழுவை மதுரைக்கு அழைத்தார்கள். தலைமை மருத்துவர், நிர்வாகி, மூத்த செவிலியர் என்று, ஊருக்குத் திரும்பியதும் ஒருவரையொருவர் ‘முடியாது’ என்று மறுக்கக்கூடியவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் அரவிந்தில் நடப்பதைக் கண்ணால் பார்த்து, தங்கள் மருத்துவமனைக்கான திட்டத்தைத் தாங்களே எழுதினார்கள். மதுரை எழுதிக்கொடுக்கவில்லை. ஊர் திரும்பிய பின் லைகோ ஆட்கள் மறுபடி போனார்கள், மாதாந்தர எண்ணிக்கையும் கேட்டு வாங்கினார்கள். இந்த முறையில் 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பங்கெடுத்துவிட்டன, அவற்றில் பல வெளிநாடுகளில். எல்லாம் அரவிந்த் ஆகிவிட்டன என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் இதில் கற்றது அந்தக் குழுவின் அமைப்பைத்தான். மருத்துவர் மட்டும் கற்றுத் திரும்பியிருந்தால், “டாக்டர் மதுரைக்குப் போய்ட்டு வந்து புதுசா ஏதோ சொல்றார்” என்று ஒரு மாதம் பொறுத்திருந்து கடந்துவிடுவார்கள். செவிலியரும் உடன் பார்த்துவிட்டால் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. மூலக்கொத்தளத்து அக்காவும் அந்த மூன்று நாள் கூடத்தில் இருந்திருந்தால் புதன்கிழமைப் பேச்சு வேறாகியிருக்கும். அச்சம் போயிருக்காது. ஆனால் அச்சத்தை இருவரும் சேர்ந்து சுமந்திருப்பார்கள்.

அரவிந்த் தன் சொந்தப் பணியாளரை வளர்க்கும் முறையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கிராமத்துக் குடும்பங்களிலிருந்து பள்ளி முடித்த பெண்களை எடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி, பெரும்பகுதி வேலையினூடேயே. இரண்டு ஆண்டுகளை மூன்று நாட்களோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

லைகோவுக்கும் முன்னால், மதுரை மாவட்டத்திலேயே, ஒரு பழைய சான்று இருக்கிறது. 1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அரசுத் திட்டம்தான், என்றாலும் களத்தில் வேலை செய்தவர்கள் ஊரிலேயே வசித்த பெண்கள், இன்றைய தொண்டு நிறுவனக் களப்பணியாளரின் மூத்த சகோதரிகள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துணவு கொடுப்பது வேலை. தொடக்கப் பயிற்சி இரண்டு மாதம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய ஏற்பாடு: பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். அதே காலத்து ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் இருபது மையங்களுக்கு ஒருவர் என்பது நியதி. அதோடு ஒன்றிய அளவில் ஒரு பயிற்றுநர், பணியாளரைத் தேடி மையத்துக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். எத்தனை குழந்தை எடைபோட்டோம், எத்தனை குழந்தை எடை ஏறியது என்ற கணக்கு மையத்துச் சுவரில் ஊரார் பார்க்கத் தொங்கியது. சுவரில் எண் தொங்கும்போது கற்றதை மறப்பது அவ்வளவு எளிதல்ல.

பக்கத்தில் ஆள் நின்றால் போதுமா? போதாது என்று சொல்லும் ஆய்வும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. பிரசவ அறையில் கை கழுவுவது முதல் குழந்தையைத் தாயின் தோலோடு சேர்த்து வைப்பது வரையான செயல்களுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வகுத்தது. அதை உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. பாதி நிலையங்களுக்குத் துணைப் பயிற்றுநர்கள் போனார்கள், முதலில் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு குறைத்துக் குறைத்து மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் எட்டு மாதம். இரண்டாம் மாதத்தில் பட்டியலின் செயல்களில் 72.8 சதவீதம் அங்கே நடந்தன. பயிற்றுநர் போகாத இடங்களில் 41.7. பயிற்றுநர்கள் விலகிய பிறகு, பன்னிரண்டாம் மாதத்தில் பார்த்தபோது 72.8 என்பது 61.7 ஆக இறங்கியிருந்தது. ஒப்பீட்டு நிலையங்களில் 43.9. தாய்சேய் இறப்பிலோ கடும் பாதிப்பிலோ இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வைத் தோல்வி என்று சொல்பவர்களும் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. அது இரண்டு தனிச் செய்திகளைச் சொல்கிறது. பக்கத்தில் நிற்கும் ஆள் பழக்கத்தை மாற்றுகிறார். அவர் போனால் பழக்கம் கொஞ்சம் சரிகிறது, முழுவதும் விழுந்துவிடுவதில்லை. இரண்டாவது செய்தி கசப்பானது: பழக்கம் மாறினாலும், ஆபத்தான தாயை அனுப்ப மேல்நிலை மருத்துவமனையும் மருந்தும் கைத்திறனும் உடன் இல்லாவிட்டால் உயிர்க்கணக்கு மாறுவதில்லை. மூலக்கொத்தளத்துக்கு இதைப் பெயர்த்துப் பார்க்கலாம். பணியாளர் சரியாகப் புகார் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் அதை வாங்குபவர், குழந்தைகள் நலக் குழு, அந்தச் சிறுமி அன்றிரவு தூங்கப்போகும் வீடு, இவை எதையும் நம் பயிற்சி தொடவில்லை.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும் பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியின் குழுவும் பல மாநிலங்களில் நடத்திய வாசிப்புத் திட்டங்களிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பீகார், உத்தராகண்ட் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் மறுக்கவில்லை, தலையாட்டினார்கள், வகுப்பில் பழையபடியே பாடம் நடந்தது. 2012-13இல் ஹரியானாவில் வரிசையை மாற்றினார்கள். ஆசிரியரை மேற்பார்க்கும் வட்டார அலுவலர்கள் முதலில் தாங்களே பதினைந்து, இருபது நாள் பள்ளிக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பிரதமின் முறையில் பாடம் நடத்தினார்கள். அதற்குப் பிறகே ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நாள்தோறும் அதற்கென்று ஒரு மணி நேரத்தையும் கால அட்டவணையில் ஒதுக்கினார்கள். இந்தியில் குழந்தைகளின் வாசிப்பு கூடியது. கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. மேலே இருப்பவர் தானே செய்து பார்த்திருந்தால், ‘இது நடக்காது சார்’ என்று கீழே இருப்பவர் சொல்ல முடியாது. ‘எனக்கு நேரமில்லை’ என்பதற்கும் வழியில்லை, நேரம் அட்டவணையில் இருக்கிறது.

சென்னைக்கே வருவோம். 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் பதின்மூன்றைத் தேர்ந்தெடுத்துச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். முன்னின்றவர் எம்.பி. விஜயகுமார். வேலூரில் ஆட்சியராக இருந்தபோது குழந்தைத் தொழிலாளர் பள்ளிகளில் அவர் செய்து பார்த்ததன் தொடர்ச்சி அது. ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போனார்கள். அங்கே பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்காக வளர்த்த முறையைப் பார்த்து வந்தார்கள். தொண்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து அரசு கற்ற அபூர்வமான தருணம். அந்தப் பதின்மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் செயல்வழிக் கற்றலுக்கான அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள், தவறுகளைத் தாங்களே கண்டார்கள். அவர்கள் வகுப்பறையே பிறருக்குப் பயிற்சிக்கூடம் ஆயிற்று. 2007-08க்குள் முறை மாநிலம் முழுக்கப் பரவியது. பரவிய வேகத்தில் ஒன்று உதிர்ந்தது. முதல் பள்ளிகளின் ஆசிரியருக்கு அது தான் கண்டுபிடித்தது. கடைசியாகச் சேர்ந்த பள்ளியின் ஆசிரியருக்கு அது சுற்றறிக்கை. பின்னர் முறை எளிதாக்கப்பட்டது, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கென்று வகுப்பறைச் சுவரின் அடிப்பாகத்தில் வரிசையாகப் பூசிய கரும்பலகைகள் மட்டும் சில பள்ளிகளில் நின்றன. முறை போன பிறகும் சுவர் கொஞ்ச காலம் நினைவு வைத்திருந்தது.

சுவர் என்றதும், மூலக்கொத்தளம் என்ற பெயரே கறுப்பர் நகரின் மதில் மூலையில் நின்ற கொத்தளத்தால் வந்தது என்பார்கள். மதில் இல்லை, பெயர் இருக்கிறது. பக்கத்து இடுகாட்டில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதாகி 1939இல் சிறைவாசத்தின்போது இறந்த நடராசனும் தாளமுத்துவும் கிடக்கிறார்கள். ஊருக்கு நினைவு எங்கே தங்கும் என்பது எளிதில் சொல்லக்கூடியதல்ல.

நினைவு தங்காமல் போனதற்கும் இந்த வடசென்னைக் கரையிலேயே சான்று இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெயை மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். நாடே அந்த வாளியைப் பார்த்துத் தலைகுனிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தபோது மீனவர் கையில் மறுபடியும் வாளியும் மக்கும். இடையில் ஏறத்தாழ ஏழு வருடம். எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டம் 1996 முதல் தாளில் இருக்கிறது. 2017இல் அள்ளிய கைகள் எவ்வளவோ கற்றிருக்கும், கையுறை, முகமூடி, எங்கே தடுப்பு போடுவது, தோல் எரிந்தால் என்ன செய்வது என்று. அந்த அறிவு எவருடைய வேலையாகவும் ஆகவில்லை. எந்த அலமாரியிலும் பொருளாக நிற்கவில்லை.

இனி பணம். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பயிற்சிக்கு நிதி கேட்டால் கிடைக்கும். மண்டபம், சாப்பாடு, பேனர், கோப்பு, பயிற்றுநர் மதிப்பூதியம், எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. கடைசியில் குரூப் போட்டோ உண்டு. பயிற்சிக்குப் பிந்தைய ஆறு மாதத்துக்கு நிதி கேட்டுப் பாருங்கள். ஒருங்கிணைப்பாளர் வாரம் ஒருமுறை சாயங்காலம் மையத்துக்குப் போய் அரைமணி நேரம் பணியாளர் பக்கத்தில் உட்காருவதற்கு எந்தத் தலைப்பில் ரசீது போடுவது? அதை நிர்வாகச் செலவு என்று எழுதுவார்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சத்தை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றுவதையும் தடுத்தது. பெரிய அமைப்பு பணம் வாங்கி, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள சின்ன அமைப்புகளோடு இரண்டு மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்து, அப்படியே அவர்களை வளர்த்துவிடும் வழி அதோடு அடைபட்டது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலோ நிர்வாகச் செலவுக்கான வரம்பு ஐந்து சதவீதம். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. செலவைக் குறைத்துக் காட்டச் சொல்லும் நன்கொடையாளரும், காட்டிப் பழகிய நிறுவனமும் ஒருவரையொருவர் மெலியவைப்பதை 2009இல் கிரிகரியும் ஹோவர்டும் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களை வைத்து எழுதி, அதற்குப் பட்டினிச் சுழல் என்று பெயரிட்டார்கள்.

நிதி தருபவர் கேட்கும் அளவுகோலும் இதே அளவுக்குச் சிறியது. டொனால்டு கிர்க்பேட்ரிக் 1959இல் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் வந்ததா. எங்கள் அறிக்கைகள் முதல் படியிலேயே கூடாரம் போட்டுவிடும். நான் படித்த பின்னூட்டத் தாள்களில் அதிகம் பாராட்டப்பட்டது மதியச் சாப்பாடு. ஆறு மாதம் கழித்து யாராவது மையத்துக்குப் போய்ப் பார்த்தார்களா என்ற கேள்விக்கு அறிக்கையில் கட்டமே இல்லை.

பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகளும் இருக்கின்றன. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன். பயிற்சிக்கு ஒருவரை அனுப்புவதாக இருந்தால் அவருக்கு மேலே உள்ளவரையும் சேர்த்து அனுப்பலாம், முடியாவிட்டால் இருவரையும் அனுப்பாமல் விடலாம். போவதற்கு முந்தின வாரம் இயக்குநர், ஒருங்கிணைப்பாளர், பணியாளர் மூவரும் ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்து ஒரே கேள்விக்குப் பதில் எழுதலாம்: இப்படி ஒன்று நடந்தால் நம் நிறுவனத்தில் முதல் போன் யார் போடுவது? ‘சார் ஊரில் இல்லாவிட்டாலும்’ என்ற சொற்களும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும். பதிலை இயக்குநர் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டினால், புதன்கிழமை அக்கா யாரையும் மீற வேண்டியதில்லை, சுவரைக் காட்டினால் போதும். அதோடு பதிவேட்டை மாற்றலாம். தொண்டு நிறுவனங்களில் மாறாத ஒரே பொருள் பதிவேடு. திட்டம் முடியும், நன்கொடையாளர் மாறுவார், பதிவேட்டின் கட்டங்கள் மட்டும் பத்து வருடம் அப்படியே ஜெராக்ஸ் ஆகிக்கொண்டிருக்கும். குழந்தையின் பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டு, ‘யாருக்கு, எத்தனை மணிக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் சேர்த்தால், மூன்று நாள் பயிற்சியின் சாரம் அதில் அடங்கிவிடும்.

பயிற்சி பெற்றவர் நிற்கமாட்டார் என்பதும் இத்துறையின் இயல்பு. திட்ட ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. ஏப்ரலில் நம் களப்பணியாளர் திருவொற்றியூரில் வேறொரு நிறுவனத்தில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுகிறார். கையேடும் சான்றிதழும் அவரோடு போய்விடும், போகட்டும், அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூலக்கொத்தளத்து மையத்துக்குப் புதிதாக வரும் பெண்ணுக்குப் பயிற்சி எதுவும் கிடைத்திருக்காது. முதல் வாரம் பதிவேட்டைப் புரட்டும்போது அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, “இது எதுக்குக்கா?” என்று கேட்பார். அக்கா சொல்லித்தான் ஆக வேண்டும்.